கப்பலுக்குப் புதுச் சேணம்

ஆகஸ்ட் 9, சனி

இன்றும் கப்பல் பி வாளிக்கு எதிரே நின்றுவிட்டது.

பெயின்ட் வாளிகளில் ஆங்கில எழுத்துகளை எழுதிக் கொல்லைத் திடலைச் சுற்றி வைத்தவள் நித்யா அக்கா. எந்த எழுத்தில் வளைய வேண்டும், எங்கே நடையை மாற்ற வேண்டும் என்று குதிரையோடு பழகுவதற்கு. டிரெஸ்ஸாஜ் என்றால் ஓட்டப்பந்தயம் என்றே நெடுங்காட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓட்டமே இல்லை. ஆளும் குதிரையும் ஒரே உடம்பு மாதிரி நடக்க வேண்டும், அவ்வளவுதான். கப்பல் சென்னைப் பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரை. முதல் நாள் ஏறியபோது அலையில் ஆட்டுகிற மாதிரி ஆட்டியதாம். அந்தப் பெயரும் அக்கா வைத்ததே.

போன நவம்பரில் டெங்குவில் அக்கா போய்விட்டாள். இப்போது அவள் சேணத்தில் நான் ஏறுகிறேன்.

பி-யில் இடப்பக்கம் வளையச் சொன்னால் கப்பல் நின்று, கழுத்தைப் பின்னால் திருப்பி மோட்டார் கொட்டகையைப் பார்க்கிறது. அக்கா தினமும் அங்கிருந்துதான் கேரட்டோடு வருவாள். அம்மா காபி டம்ளரோடு சுவரோரம் நின்றுகொண்டு, "பாரு, வந்துட்டா. அது கண்ணுக்குத் தெரியுது" என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

நானும் திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக் கதவு மட்டும்தான்.

ஆகஸ்ட் 13

சேணத்தைக் கழற்றும்போது பார்த்தேன். இடத்தோளுக்குப் பின்னால், பழுப்பு மயிருக்கு நடுவில் வெள்ளை மயிர். முன்பு இருந்ததா?

ஆகஸ்ட் 16

அக்காவின் கால்நடை மருத்துவப் புத்தகங்களில் தேடினேன். சேணம் அழுத்துகிற இடத்தில் மயிர் வெளுக்கும். வளையும்போது வலி கூடும். வலிக்கிற இடத்தைக் குதிரை திரும்பிப் பார்க்கும்.

திரும்பிப் பார்க்கும். அந்த வரியை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புதுச்சேரியிலிருந்து கீர்த்திகா அக்கா வந்தார். நித்யா அக்காவோடு ஒன்றாகப் படித்தவர், இப்போது கால்நடை டாக்டர். கப்பலின் முதுகில் விரலை வைத்து அழுத்தியதும் அது வலியில் முதுகைத் தாழ்த்தியது. "நித்யா வாங்கறப்ப இது ஒல்லிக்குச்சி. இப்ப தோள் பெருத்துடுச்சு. பழைய சேணம் கவ்வுது. இத மாத்தாம ஏறாத செல்வி" என்றார்.

அளவெடுத்துப் புதிதாகச் செய்வதற்கு என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். ஏறக்குறைய நம் குறுவை நெல்லின் பணம் முழுவதும். கார்த்திகேசன் சித்தப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். "ஏண்ணே, ஒரு போகத்த அப்படியே குதிரை முதுகுல கட்டிவிடப் போறீங்களா? வேணும்னா ஒரு மெத்தைய மடிச்சுப் போடுங்க. அதுவும் சொகமா நடக்கும், நம்மளும் சோறு திங்கலாம்."

அப்பா சிரிக்கவில்லை. "நித்யா ஆரம்பிச்சது. இவ ஓட்டட்டும்" என்றார்.

அம்மா அப்போது கடைக்குப் போயிருந்தாள். வலி விஷயத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை. "புதுச் சேணம் வாங்கலாம்னு இருக்கு" என்று மட்டும் அப்பா சொன்னார்.

ஆகஸ்ட் 25

அம்மா ஒரே பிடியாக இருக்கிறாள். "தலைத் திவசம் ஆவற வரைக்கும் இந்த வீட்டுக்குப் புதுசு எதுவும் வரக்கூடாது. பொங்கலுக்கே புதுப்பானை வெக்கல. குதிரைக்கு மட்டும் என்னா?"

பிறகு அடுப்படியில், நான் மட்டும் இருக்கும்போது: "அவ ஒக்காந்த சேணம்டி. அத எடுத்துட்டா அப்பறம் எதத் தேடி வருவா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது அசிங்கமாக இருக்கிறது. முடிவை அம்மா எடுத்துவிட்டாள், என்மேல் இல்லை என்று தோன்றிவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாதே.

ஆகஸ்ட் 31

ஒரு வாரமாக ஏறவில்லை. பரீட்சை என்று பொய் சொன்னேன். அம்மா தினமும் சுவரோரம் வந்து நிற்கிறாள். இருட்டியதும் காபியைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போகிறாள். இன்று சாப்பிடவில்லை.

"செல்வி, நாளைக்கு ஒரு சுத்து மட்டும் ஓட்டறியாம்மா?" என்று கேட்டாள். என்னிடம் கெஞ்சுகிற மாதிரி.

செப்டம்பர் 1

ஓட்டினேன்.

பி-யில் நின்றது. திரும்பிப் பார்த்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

சேணத்தை எடுத்தபோது அடியில் போட்டிருந்த துணியில் ஈரம். வியர்வை என்று நினைத்தேன். சிவப்பு.

நான் என்ன செய்துவிட்டேன்? அது அக்காவின் குதிரை. ஓர் எறும்பு கடித்தால்கூட ஊதிவிடுவாளே! அவள் உண்மையிலேயே அந்தக் கொட்டகையில் நின்று பார்த்திருந்தால் — பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் என்ன நினைத்திருப்பாள்?

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து லாயத்துக்குக் கூட்டிப்போய், அந்த இடத்துக்குப் பக்கத்தில் அவள் உள்ளங்கையை வைத்தேன். கப்பல் கழுத்தைத் திருப்பியது. அதே மாதிரி. கொட்டகை அங்கிருந்து தெரியவே தெரியாது.

அம்மாவுக்குப் புரிய நேரம் ஆனது. கையை எடுத்தாள். மறுபடி மெதுவாக வைத்தாள். மறுபடி திரும்பியது.

"இதுக்குத்தானா?"

"ஆமாம்மா."

"எத்தினி நாளா?"

அவள் கப்பலின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "வாயில்லாத ஜீவன், வலிச்சு வலிச்சுத் திரும்பியிருக்கு. நான் காபி குடிச்சுக்கிட்டு வேடிக்க பாத்திருக்கேன்" என்றாள். அப்புறம் அக்கா போன அன்று அழுத மாதிரி அழுதாள். நான் அக்காவை இரண்டாவது தடவை சாகடித்துவிட்டேனா?

செப்டம்பர் 8

காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "சொல்லிடுங்க. செய்யட்டும்."

"திவசம் ஆவலயே?"

"தோஷம் வந்தா எனக்கு வரட்டும். அது புண்ணோட நிக்கிது."



செப்டம்பர் 29

புண்ணுக்குத் தினமும் மருந்து போடுவது அம்மா. சுவரோரம் வருவதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

சேணம் வந்துவிட்டது. கறுப்பு. பக்கங்கள் நீளமாக, காலை நேராகத் தொங்கவிடும்படி இருக்கின்றன. புதுத் தோல் வாசனை வீடு முழுக்க. வண்டியோ பீரோவோ வாங்கினால் அம்மா முதலில் மஞ்சள், குங்குமம் வைப்பாள். இதற்கு வைக்கவில்லை. மேலே சுற்றியிருந்த தாளை மட்டும் மடித்து எடுத்து வைத்தாள்.

அக்டோபர் 20

ஊரெல்லாம் வெடிச் சத்தம். எங்களுக்குத் தீபாவளி இல்லை. கப்பல் பயப்படாமல் இருக்க அம்மா லாயத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கீர்த்திகா அக்கா போனில் சரி என்றார். ஏறினேன்.

அம்மா வந்தாள். கையில் காபி இல்லை.

பி-யில் வளையச் சொன்னேன். கப்பல் நிற்கவில்லை. கழுத்து தளர்ந்து, முதுகு எனக்குக் கீழே எழும்பியது. இவ்வளவு காலமும் நான் ஏறியது வேறு ஏதோ குதிரை என்று தோன்றியது. வட்டம் முழுசாக வந்தது. சந்தோஷத்தில் அம்மாவைப் பார்த்தேன். அவள் கொட்டகைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த சுற்றில், பி வந்ததும், நானே நிறுத்தி இடது லகானை மெல்ல இழுத்தேன். கப்பல் சமர்த்தாகக் கழுத்தைத் திருப்பியது.

"ஏண்டி அத இழுக்கற?" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "விடு. அது பாட்டுக்குப் போவட்டும்."

விட்டேன். கப்பல் தலையைத் தாழ்த்தி நேரே நடந்தது. அம்மாவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கொஞ்ச தூரம் எங்கள் கூடவே நடந்துவந்தாள். என் காலணி நுனியைத் தொட்டுக்கொண்டே.

கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தது நான் மட்டும்தான்.