ஐலாவின் கட்டில்

அன்பு மகள் வெசிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் இருமல் விட்டதா? அப்பா சோளம் அறுத்து முடித்துவிட்டார், குரங்குகள் தின்றது போக மிச்சம் நமக்கு.

எனக்கு அலுத்துவிட்டது மகளே. உங்கள் ஸ்காட்லாந்து சபை நம் மிஷன் பிரசவ விடுதிக்கு ஆறு இரும்புக் கட்டில் அனுப்பியதே, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இறந்துபோன ஒருவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். அங்கே அது மரியாதை. நம்மூரில் தலைமாட்டில் பெயர் எழுதுவது கல்லறையில்தானே. படிக்கத் தெரிந்த ஒருத்தி வாசித்துச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், பிள்ளை பெற வந்த எல்லோரும் தரையில் பாயை விரித்துவிட்டார்கள். “செத்தவ கட்டில்ல எம் மருமகளப் படுக்க வைக்கிறீங்களே சிஸ்டர், நீங்களும் பெத்தவதானே” என்று ந்யாபாண்டா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். மூன்று மாதம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கொடுத்தவர்கள் மனம் நோகுமே என்று தகட்டைத் தொடவில்லை. அந்த மருமகள் தரையிலேயே இரட்டை பெற்றாள். நான் முழங்காலை ஊன்றி இறங்கி, அவள் ரத்தப்போக்கை நிறுத்துவதற்குள், சிமெண்டுத் தரையில் இரண்டாவது குழந்தை சில்லிட்டுப் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அன்றைக்கே திருப்புளியை எடுத்து ஆறு தகட்டையும் கழற்றினேன். இப்போது ஆறு கட்டிலிலும் ஆள் இருக்கிறது.

அதில் ஒரு தகட்டில் ஐலா, வயது ஒன்பது என்று இருக்கிறது. நீ ஞாயிறுதோறும் சாப்பிடப் போகிறாயே, அந்த மொய்ரா அம்மாவின் மகள். அவர் அடுத்த மாதம் கட்டிலைப் பார்க்க வருகிறாராம். போதகர் வந்து, “அந்தம்மா இருக்கிற ரெண்டு நாளைக்கு மாட்டி வைங்க, போனதும் கழட்டிக்கலாம், பள்ளிக்கூடத்துக் கூரையே அவங்க கையிலதான் இருக்கு” என்கிறார். பாவம், எழுபது பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பதை அவரும் தினம் பார்க்கிறார். ஆனாலும் முடியாது என்றுவிட்டேன். ஒரு தரம் தகட்டைப் பார்த்தால் இவர்கள் மறுபடி பாய்க்கு இறங்கிவிடுவார்கள், எனக்கு இனி குனிய உடம்பும் இல்லை, மனமும் இல்லை.

அவர் புறப்படும் முன், தகட்டைக் கழற்றிவிட்டேன் என்று நீ போய்ச் சொல்லிவிடு. போனில் வேண்டாம், நேரில் போ. முதலில் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். தகட்டை எறியவில்லை, என் நல்ல துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், வந்ததும் அவர் கையில் கொடுப்பேன் என்று சொல்.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மறக்காதே, சொல்லும்போது அவர் கையைப் பிடித்துக்கொள். கோபப்பட்டு உதறினாலும் விடாதே.

உன் அம்மா,
ந்யாகோந்த்வே