நம்பர் பிளேட் கிடைக்காத எங்கள் வான்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

இப்படித்தான் தொடங்க முடிகிறது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் போன பிறகு, ஆஸ்பத்திரியில் உங்கள் உடுப்புப் பையை வாங்கப் போனபோது தாதி யாருடையது என்று கேட்டாள். அன்றுதான் முதன்முறையாக உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். யாரோ தெரியாத மனிதருடைய பெயர் போல இருந்தது.

செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல செய்தி இல்லை. பிளேட் எடுக்க வானை வாகனச் சோதனைக்குக் கொண்டு போனோம். அது தேறவில்லை. இனித் தேறவும் மாட்டாது.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பத்திரிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது.

கொழும்பில் நீங்கள் வங்கியில் வேலை பார்த்தவர். சைக்கிள் செயின் கழன்றால்கூடக் கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டை எரித்தார்கள். அடுத்த வருட மாரியில் டென்மார்க் வந்து சேர்ந்தோம். ஸ்கீவ என்ற ஊருக்கு வெளியே இரண்டு அறை வீடு தந்தார்கள். முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டேனிஷ் வகுப்புக்குப் போகிற வழியில் நீல்ஸ் என்ற கிழவரின் பண்ணை இருந்தது. அவருடைய கொட்டிலுக்குள், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில், அந்த வானைக் கண்டுவிட்டு வந்து என்னையும் கூட்டிப் போனீர்கள்.

சின்ன வான். உள்ளே இரண்டு பேர் ஒட்டிப் படுக்க ஒரு பலகை, ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. நம்பர் பிளேட் கழற்றிப் பல வருடமாகிவிட்டது. ரயர்கள் தட்டையாகிக் கிடந்தன. நீங்கள் பலகையில் ஏறி இருந்து பார்த்தீர்கள்.

"இஞ்சாரும், இதுக்குள்ள படுக்கலாம், சமைக்கலாம். ஆரும் திரும்ப எழும்பிப் போங்கோ எண்டு சொன்னால், வீட்டையும் கொண்டு போகலாம்."

"ஆர் ஓட்டுறது?"

"நான் பழகுவன்."

"ஆர் திருத்துறது?"

"அதையும் பழகுவன்."

இடத்தை அடைக்கிற சாமான், கொண்டு போனால் போதும் என்றார் நீல்ஸ். கொண்டு போக ஓடவேண்டுமே. அதனால் அங்கேயே வைத்துத் திருத்தத் தொடங்கினீர்கள். டேனிஷில் ஒரு திருத்தும் புத்தகம், பக்கத்தில் அகராதி. ஒரு வசனம் விளங்குவதற்குள் கை விறைத்துவிடும். எஞ்சினிலிருந்து காபரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பிவிட்டு, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் இருவரும் அதைச் சுற்றி இருந்தது நினைவிருக்கிறதா? நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு நீங்களும் சிரித்தீர்கள்.

பிறேக் வேலை என்னுடையதாகிவிட்டது. முன் சில்லோ பின் சில்லோ, அதற்குப் பின்னால் இருக்கிற இடுக்குக்குள் என் சின்னக் கைதான் போகும். பிறேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். நீங்கள் ஓட்டுகிற ஆசனத்தில், காலைப் பிறேக்கில் வைத்தபடி; நான் சில்லடியில்.

"மிதியுங்கோ."

"மிதிச்சிட்டன்."

"பிடிச்சுக்கொண்டிருங்கோ. ம், இப்ப விடுங்கோ."

அந்தக் கோடை முழுக்க எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதைவிடக் குறைவாகத்தான் கதைத்திருந்தோம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நீங்கள் தனியாகப் போனீர்கள். "அடிப்பக்கத்துக்குத் தார் பூசப் போறன். நீர் வரவேண்டாம், அந்த மணம் உமக்குத் தலையிடி தரும்" என்றீர்கள். பின்னேரம் கறுத்த கையோடு வந்து, சோற்றைத் தொடாமல் படுத்தீர்கள். தார் மணம் வயிற்றைப் பிரட்டுகிறதாக்கும் என்று நினைத்துவிட்டேன். அடுத்த கிழமை முழுக்க நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. மார்கழியில் ஆஸ்பத்திரியில் உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். பனி உருகுவதற்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள்.

ரண்டர்ஸ் நகரத்திலிருந்து உங்கள் தம்பி ரவி வந்து கடைசிக் காரியம் எல்லாம் செய்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

"அண்ணி, எங்களோட வந்து இருங்கோ. அந்த வானை விட்டிடுங்கோ."

"உம்மட அண்ணை பாதியில விட்டது, ரவி. முடிச்சுப்போட்டு வாறன்."

இலைதளிர் காலத்தில் நான் தனியே தொடங்கினேன். தரைவிரிப்பை உரித்தால், கீழே இருந்த ஒட்டுப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டு மாதிரிப் பிய்ந்து கையோடு வந்தது. அட்டையில் அளவு வெட்டி, அதைப் பார்த்துப் புதுப் பலகை வெட்டினேன். முதல் பலகை கட்டையாகப் போய்விட்டது, இரண்டாவது பொருந்தியது. காஸ் குழாயை மாற்றிச் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. துருப்பிடித்த பிறேக் குழாய்களையும் மாற்றினேன். காற்றெடுக்க நீல்ஸை ஆசனத்தில் இருத்தினேன். அவசரத்தில் டேனிஷ் சொல் வரவில்லை. "மிதியுங்கோ" என்று கத்திவிட்டேன். கிழவர் மிதித்தார். அதன் பிறகு எங்களுக்குள் அந்தச் சொல்தான்.

ஆவணியில் எஞ்சின் அணையாமல் ஓடியது. நான் கொட்டிலுக்கு வெளியே போய் நின்று அழுதேன். அதுதான் கடைசியாக வந்த நல்ல நாள்.

ஒரு கராஜில் தற்காலிகப் பிளேட் வாங்கி, நீல்ஸ்தான் சோதனை நிலையத்துக்கு ஓட்டினார். சோதிக்கிறவர் இளம் ஆள், மரியாதையானவர். வானுக்குக் கீழே இறங்கிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. திருப்புளியை வைத்து அமத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது. தார், தாருக்குப் பின்னால் ஓட்டையடைக்கிற பூச்சுமா, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. மற்றப் பக்கமும் அப்படித்தான்.

"இங்கே இரும்பே இல்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிறேக் மிக நன்றாக இருக்கிறது" என்றார்.

வெளியே வந்ததும் நீல்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன் கணவருக்குத் தெரியும், கமலா. நான்தான் காட்டினேன். கம்பியால் குத்தினால் உள்ளே போகும் என்று."

"எப்ப?"

"தார் பூசுவதற்கு முதல் நாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்."

"ஏன் எண்டு கேக்கேல்லையா?"

"கேட்டேன். அவர் பூச்சுமாவைக் குழைத்துக்கொண்டே இருந்தார்."

எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவது? வயிற்று நோவையும் அந்த நேரம் நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டையும் ஏன் எனக்கு மறைத்தீர்கள்? அது ஓடும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவேண்டும் என்றா? இல்லை, பூசினால் பிடித்துவிடும் என்று நீங்களே நம்பினீர்களா? அடிப்பக்கம் முழுக்க ஓரிடம் விடாமல் அவ்வளவு ஒழுங்காகப் பூசியிருக்கிறீர்கள். ஏமாற்ற நினைக்கிற மனிதன் அப்படிப் பூசுவானா? எனக்குத் தெரியவில்லை. கேட்க நீங்கள் இல்லை.

வெல்டிங் செய்கிற ஒருவரையும் கூட்டி வந்து காட்டினோம். அவர் நிலத்தில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பித் தலையாட்டினார். புது இரும்பைப் பிடிக்கப் பழைய இரும்பு வேண்டுமாம். பிடிக்க ஒன்றுமில்லை என்றார்.

நீல்ஸுக்கும் பண்ணை வேலை ஏலாமல் போய்விட்டது. பண்ணையை விற்றுவிட்டார். வாங்கியவர் பன்றி வளர்க்கப் போகிறார், கொட்டில் அவருக்கு வெறுமையாக வேண்டும். இப்போது வானை வெளியே முற்றத்தில் விட்டிருக்கிறோம். சேற்று நிலம் பனியில் இறுகியதும் பழைய இரும்புக்காரரின் லொறி வந்து இழுத்துக்கொண்டு போகும். நீல்ஸ் அதை எனக்குச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் இன்னமும் போகிறேன். வேலை முடிந்து சைக்கிளில் போய், பலகையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். போன கிழமை விடாத மழை. வானின் கூரையில் இருக்கிற சன்னல் ஓரத்தால் பலகையில் ஒழுகியிருந்தது. கொட்டிலுக்குள் நின்றவரைக்கும் இந்த ஓட்டை எங்களுக்குத் தெரியவே இல்லை. நான் ஏணி வைத்து ஏறினேன். சன்னலைச் சுற்றியிருந்த பழைய பசையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்க, ரவி காரில் வந்து இறங்கினார்.

"அண்ணி, குப்பைக்குப் போற வாகனத்துக்கு ஏன் ஒட்டுப் போடுறியள்?"

"ஒழுகுது."

"ஓம், ஒழுகட்டும். இறங்கி வாங்கோ, நனையாமல்."

அவர் சொன்னது சரிதான். நான் இறங்கவில்லை. ரவி கார்க் கதவைச் சாத்திவிட்டு, வந்து ஏணியைப் பிடித்தார். பாதி சுரண்டியதும் இருட்டிவிட்டது.

ரண்டர்ஸுக்குப் போவேனா தெரியாது. இந்த ஊரில் இருந்து என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியாது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இதை எழுதினால் மனம் ஆறும் என்று சொன்னார்கள். ஆறவில்லை.

ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். நாளைக்கு மிச்சப் பசையையும் சுரண்டி எடுத்துப் புதுசு வைப்பேன். லொறி வருகிற நாள் வரைக்கும், நீங்கள் படுக்க ஆசைப்பட்ட அந்தப் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணி விழ விடமாட்டேன்.

சில்லடியில் இருந்து உங்களை மிதிக்கச் சொன்ன
உங்கள் மனைவி,
கமலா