லேஸ் அவிழும் பாதை

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள். நேற்றுக் கோபத்தில் பாதியிலேயே எழுந்துவிட்டீர்கள்.

சின்னவள் வந்தால் நாம் எல்லோரும் போகப்போகும் மலையின் தேசியப் பூங்கா வரைபடம் மேசைமேல் இருக்கிறது, கொடுங்கள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் உச்சிப் பாதை, உங்கள் முட்டிவலிக்கு ஏரிக்கரைப் பாதை என்று நான் பிரித்ததற்கா அவ்வளவு கோபம்? "என்னைக் கெழவனாக்கிட்டே, நான் வரவே இல்ல" என்று சொன்ன முகம் கண்ணிலேயே நிற்கிறது.

கல்யாணமான புதிதில் அதே மலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? எனக்கு மூச்சு வாங்கிய வளைவிலெல்லாம் நீங்கள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதா?" என்று நான் வேறு கேலி பண்ணினேன். எனக்காகத்தான் நின்றீர்கள் என்று எனக்கு உறைக்க எத்தனை வருஷமாயிற்று! அதுவரை நீங்களும் வாயைத் திறக்கவில்லை.

வரைபடத்தில் ஏரிக்கரையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சின்னதுகள் முன்னால் ஓடட்டும். நாம் அதே உச்சிப் பாதையில் பின்னால் வருவோம், முடிந்த மட்டும்.

தைலம் ஜன்னலோரம் இருக்கிறது. வீம்பு பண்ணாமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: எனக்கு ஷூ வாங்கத்தான் கடைக்குப் போகிறேன். லேஸ் வைத்ததுதான் வாங்குவேன். மலையில் அது அடிக்கடி அவிழும். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.