கெம்பஸ் சந்தியில நாம வச்ச ஏர்போட்

மச்சாள்,

இண்டைக்குக் காலையில கிளினிக்குக்குப் போனன். பிரசர் பாக்கிற மிஸ்ஸி புதுசு, சின்னப் புள்ள. கையில பட்டியைச் சுத்திக்கிட்டே, "அம்மாக்கு வயசு எத்தனை?" எண்டு கேட்டா. என்ட வாயில ரெண்டு வயசு வந்து நிண்டிச்சு. ரெண்டையும் சொல்லிப்போட்டன். அவ பேனையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, "இதுல நான் எதை எழுதுற?" எண்டா. நான் உன்னட்டக் கேப்பமெண்டு பக்கத்தில நீ குந்துற வாங்கைத் திரும்பிப் பாத்தன். கிளினிக்குக்கு எப்பவும் நீதானே கூட வாறது. அதில வேற ஆரோட குடை கிடந்திச்சு.

வீட்ட வந்தும் ஒரு இடத்தில இரிக்க ஏலல்ல. வளவைக் கூட்டினன். கூட்டின இடத்தையே திருப்பியும் கூட்டினன். கடைசியில மகளைப் பிடிச்சி இருத்தி, நான் சொல்லுறன் நீ எழுதெண்டு சொல்லியிரிக்கன். எனக்குத்தான் எழுத்து வராதே.

சண்டைக் காலத்தில, அண்டைக்கு விடியக்குள்ள தோணியில வாவியைக் கடந்தமே, அந்தத் தோணிக்காரன் கோழிக்கூடொண்டை உன்ட மடியில வச்சிட்டான். குவைத்துக்குப் போறவளுக்குக் கோழிப்பீ நல்ல சகுனமெண்டு நீ ஊரெல்லாம் கேக்கச் சிரிச்சாய். நீ முந்தியே ரெண்டு வருசம் அங்க இருந்திட்டு வந்தவள். நான் கொழும்பே பாத்ததில்ல. பிளேன் மறுநாள் காலையில. ஏறாவூர்க் காக்கா ஓட்டின வேன்ல நாம ரெண்டு பேரும், வேற மூணு பெண்டுகளும்.

வந்தாறுமூலை கெம்பஸ் சந்தியில ஆமி மறிச்சிட்டான். முன்னுக்குக் கண்ணிவெடி பாத்து ரோட்டைக் கிளியர் பண்ணுறாங்களாம், எப்ப விடுவாங்களெண்டு தெரியாது. அங்கால இரிக்கிற பெரிய செக்பொயின்ட்டை அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க. அதுக்குள்ள தாண்டாட்டிப் பிளேன் இல்ல.

"ஏர்போட்லயும் இப்பிடித்தான்மா, மணிக்கணக்கில குந்திக்கிட்டிரிக்கணும். இஞ்சயே பழகிக்கங்க," எண்டு சொல்லிட்டுக் காக்கா சீட்டைச் சாய்ச்சுப் படுத்திட்டார்.

நான் ரோட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்துகிட்டே இருந்தன்.

"காலுக்குள்ள எறும்பா கா? இரி," எண்டாய்.

"இருந்தா ரோட்டைத் திறந்திருவானா?"

"நடந்தா மட்டும் திறப்பானா? சும்மா போற நேரந்தானே, உன்ட வயசைப் பாடமாக்கு."

ஏஜென்சிக்காரன் பாஸ்போட்ல எனக்குப் பத்து வயசு கூட்டிப் போட்டிருந்தான். வயசு குறைஞ்ச பெண்டுகளை வீட்டு வேலைக்கு விடமாட்டாங்களெண்டு கனபேருக்கு அப்பிடித்தான் செஞ்சாங்க. இருவத்திரெண்டுக்காரி நான் முப்பத்திரெண்டுக்காரி ஆகிட்டன். ஏர்போட்ல கேட்டாத் தடுமாறாமச் சொல்லணும்.

டீக்கடையில ரெண்டு கெம்பஸ் புள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்திச்சுகள். கடைக்காரன்ட ஆடு அதுகள்ட நோட்ஸ்ல நாலு பக்கத்தைத் திண்டிட்டு. அந்த ஆட்டையும் சொல்லணும், கடதாசி மட்டுந்தான் திங்கும், பிலா இலையைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கும். படிச்ச ஊர் ஆடெண்டு சொன்னாய். அதுக்குச் சிரிச்சதுகளை அப்பிடியே பிடிச்சிக்கிட்டாய். கண்ணாடி போட்ட புள்ளையை மேசைக்கு அங்கால இருத்தி, "நீங்கதான் ஏர்போட் ஒப்பீசர், இவளை விடாதீங்க," எண்டாய்.

அந்தப் புள்ள குரலைத் தடிப்பாக்கி, "வயசு?" எண்டிச்சு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு.

"முப்பத்திரெண்டு வயசுக்காரி இப்பிடிச் சிரிக்கமாட்டா. அடுத்த ஆள் வாங்க!"

எத்தனை தரம் அந்த மேசைக்கு முன்னால போய் நிண்டிருப்பன்! பிழை விட்டா நீ இடுப்பில கிள்ளுவாய். வயசும் பிறந்த திகதியும் மூச்சு விடாம வந்திச்சு. மூணு மணிக்கு ரோட்டைத் திறக்கக்குள்ள அந்தப் புள்ளையே கை தட்டிச்சு.

பெரிய செக்பொயின்ட்டுக்கு வரக்குள்ள நாலரை. எல்லாரையும் இறக்கினான். என்ட அட்டையை வாங்கிப் பாத்த ஆமிக்காரன், "வயச கீயத?" எண்டான். வயசு எத்தனையெண்டு கேக்கிற அந்த ரெண்டு சொல்லுந்தான் எனக்குச் சிங்களத்தில தெரியும். நிமிந்து நிண்டு, "முப்பத்திரெண்டு!" எண்டன். கேக்காமலே பிறந்த திகதியையும் சொன்னன்.

அவன்ட கையில இருந்தது பாஸ்போட் இல்ல மச்சாள். அடையாள அட்டை. அதில இருவத்திரெண்டு.

வேற ஆருடையோ அட்டையில வாறாளெண்டு என்னை ஒரு பக்கமா நிப்பாட்டிட்டான். நீ குவைத்தில பக்கத்து வீட்டு வேலைக்காரியிட்டப் படிச்ச சிங்களத்தையெல்லாம் கொட்டினாய். பாஸ்போட்டைக் காட்டினது இன்னும் வில்லங்கமாப் போச்சு, ஒரு மனுசிக்கு ரெண்டு வயசு. பெரியவன் வந்து பாக்கணும், மத்த ஆக்கள் போகலாமெண்டான்.

காக்கா ஹோன் அடிச்சார். அந்த மூணு பெண்டுகளும் ஏறிட்டாங்க. நீயும் ஏறினாய், நான் பாத்தன். பாத்து, குனிஞ்சிட்டன். மறுகா உன்ட பேக் நிலத்தில விழுந்த சத்தம் கேட்டிச்சு.

"புள்ள, ஏறு! உன்ட விசாவும் போயிரும்!" எண்டு காக்கா கத்தினார்.

"நீங்க போங்க காக்கா. இவளை இதுக்குள்ள தனிய விட்டுட்டு எனக்கென்ன பிளேன்?"

பெரியவன் வந்தோடன நீ சொன்னது எனக்கு விளங்கல்ல. பிறகுதான் தமிழில சொன்னாய்: "நான் வயல் விதைப்புக்குப் பிறந்தன், இவள் அந்த நெல்லு வெட்டுக்குப் பிறந்தாள். நாலு மாசம் இளமை. இவள்ட வயசுக்கு நான் சாட்சி எண்டன்." அவன் நம்மட ரெண்டு பேர்ட அட்டையையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் கனநேரம் பாத்தான். வீட்ட போங்கெண்டு நெல்லு ஏத்திப் போன டிரக்டரொண்டில ஏத்தி விட்டான். கெம்பஸ் சந்தி வரக்குள்ள, "ஏர்போட் வந்திட்டு, இறங்கு கா," எண்டாய். நான் அழுதன், நீ சிரிச்சாய்.

நாலு மாசத்தால ஏஜென்சிக்காரன் என்னைக் கூப்பிட்டான். உன்னை மறுகா கூப்பிடவே இல்ல. நான் அங்க இருந்த ரெண்டு வருசமும் இப்ப எழுதுற இவளை நீதான் வளத்தாய். கல்வீடு கட்டத்தான் நீ அண்டைக்கு வெளிக்கிட்டது. கல்வீடு எனக்கு நிக்கிது. ஏன் மச்சாள் இறங்கினாயெண்டு எத்தனை தரம் கேட்டிருப்பன்! "வேனுக்குள்ள வெக்கை கா," எண்டு சொல்லிட்டு மீன் வெட்டப் போயிருவாய்.

மூணு மாசத்துக்கு முதல் உன்னை வார்ட்டுக்குள்ள தள்ளிக்கொண்டு போகக்குள்ள, வாசல்ல ஒருத்தர் கையை நீட்டி என்னை மறிச்சார். ஒராள்தான் போகலாமாம், உன்ட தம்பி உள்ளுக்குப் போயிட்டானாம். சரியெண்டு நிண்டிட்டன். நிண்டிட்டன் மச்சாள். நீ பிறகு உசிரோட வெளியில வரல்ல. நீயெண்டா அந்தக் கையைத் தட்டிட்டு வந்திருப்பாய். வளவை ரெண்டு தரம் கூட்டினது அதுக்குத்தான். இண்டைக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு நாளும்.

காலையில அந்தக் குடையைப் பாத்திட்டுத் திரும்பக்குள்ள, மிஸ்ஸி இன்னும் பேனையோட பாத்துக்கிட்டிருந்தா. "என்ட மச்சாள் விதைப்புக்கு, நான் அந்த வெட்டுக்கு. அவவிட வயசு எழுதின கிளினிக் துண்டு உங்கட பெட்டிக்குள்ள இரிக்கும். அதைப் பாத்து நாலு மாசம் குறைச்சுப் போடுங்க புள்ள," எண்டன்.

அவ எழும்பி, உன்ட துண்டைத் தேடி எடுத்தா.