பிரேக் டப்பாவில் ஊற்றிய ஆயில்

சிதம்பரம், 14.7.2008

இதை எடுப்பவர் யாராயிருந்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

எங்கள் பழைய அம்பாசிடரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எப்போதும் அதைப் பார்க்கும் மெக்கானிக் காசிம் மாமாவின் ஷெட்டுக்கு அப்பா இன்று என்னையும் கூட்டிப்போனார்.

"பிரேக் ஆயில் டப்பாவுல இன்ஜின் ஆயில ஊத்தியிருக்காங்க சார். ரப்பரெல்லாம் ஊதிப்போச்சு. ஓட்டிக்கிட்டுப் போவாதீங்க."

"உங்களத் தவிர எவன் பாய் கை வெச்சான்? காலையில கடலூர் கம்பெனி சர்வீஸ்லயே வுட்டுக்கிறேன்."

மாமா முகம் சுருங்கிவிட்டது. அப்பா மெதுவாக உருட்டியே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவியபோது டப்பாவில் ஆயில் குறைந்திருந்ததே என்று ஊற்றியவள் நான்தான். அப்பா பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அம்மா குவைத்தில் இருக்கிறாள். வீட்டில் சொல்ல வேறு யாருமில்லை. விடிந்தால் அப்பா அதே வண்டியில் தனியாகப் போவார். சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன்.

கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, வண்டி சாவியப் பாத்தியா?"

சொல்லிவிடுகிறே—