இருபத்திரண்டாவது ஆணி

உன் இடதுகால் பூட்ஸ் என் பஞ்சர் கடை மேசைமேல் இருக்கிறது. டியூப் ஒட்டும் பசை வாடையையும் மீறி அதன் வாடை வருகிறது. காய்ந்த கரிசல் மண்ணும் பழைய தோலும் கலந்த வாடை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டயபுரம் ரோட்டில் வண்டிகள் போகின்றன, வருகின்றன. காலையிலிருந்து நான் ஒரு வண்டிக்கும் ஜாக்கி போடவில்லை.

உன்னிடம் முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பாய். ஒன்றும் ஆகாதுதான். நீ இருந்தபோது வாயைத் திறக்கத் துப்பில்லாதவன், நீ போனபிறகு பேனாவைத் திறந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நம் ஊருக்கு இருந்தது ஒரே மைதானம். காலையில் அதில் கிரிக்கெட், சாயங்காலம் கால்பந்து. வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேங்காய் நாரில் பின்னிய மேட்டிங்கை விரித்து, சுற்றிலும் இருபத்திரண்டு நீள ஆணிகளை அடித்துத்தான் கிரிக்கெட் ஆடுவோம். ஆட்டம் முடிந்ததும் எல்லா ஆணியையும் பிடுங்கி, எண்ணி, பால்பவுடர் டப்பாவில் போடவேண்டும். சாயங்காலம் அங்கே ஓடப்போகும் கால்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. எண்ணும் வேலை கீப்பருடையது. காலையில் ஸ்டம்புக்குப் பின்னாலும் சாயங்காலம் கோல் கம்பத்துக்கு நடுவிலும் நின்ற ஒரே ஆள் நான்தான் என்பதால், அது என் தலையில் விடிந்தது.

நீ காலையில் வேகப்பந்து போடுவாய், சாயங்காலம் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டு பறப்பாய். "ஏதாவது ஒண்ணப் புடிலே, ரெண்டும் வெளங்காமப் போயிரும்" என்று உன் அப்பாவிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் சொன்னார்கள். "ரெண்டு காலு இருக்கு. ஒத்தக் கால்லயா நிக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாய்.

உன் பேச்சுதான் ஜெயிக்கும்போல இருந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று, இரண்டு ஆட்டமும் ஆடத் தெரிந்த ஒருவனை வேலைக்கு எடுக்க ஆள் அனுப்பியது. வேனில் இரண்டு பேர் வந்தார்கள். காலையில் உன் பந்துவீச்சைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். மாலையில் கால்பந்தையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்றார்கள். அது ஐப்பசி. அன்று கிரிக்கெட் சாயங்காலம் வரை இழுத்துவிட்டது; மேட்டிங்கைச் சுருட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.

சேற்றில் உட்கார்ந்து ஆணிகளை எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடியும் எண்ணினேன், இருபத்தொன்றுதான். நீ பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கத்தினாய்: "ஏலே, சரியா இருக்கா?"

ஒன்று குறைகிறது என்று சொன்னால் எல்லோரும் மண்டி போட்டுச் சேற்றைத் துழாவவேண்டும். அந்த இரண்டு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். "சரியா இருக்குலே, போ" என்றேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, எனக்கு முதுகு வலித்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நீ பந்தோடு நடு மைதானத்தை வெட்டி வந்தாய். திடீரென்று உன் இடது கால் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு திரும்பிக்கொண்டது. முட்டி திருகிக்கொண்ட சத்தம் கோலில் நின்ற எனக்குக் கேட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். கரிசல் சேற்றில் கால் மாட்டிக்கொண்டது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்தில் நீ விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். அடிக்கும்போதே தலை உடைந்துபோன ஆணி. மேட்டிங்கைத் தூக்கியபோது அது மட்டும் மண்ணிலேயே நின்றுவிட்டிருக்கிறது. தோண்டி எடுத்து டப்பாவில் போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது.

அதற்குப்பிறகு உனக்கு வாய்த்தது தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஒரு நாற்காலி. காலையில் கேட்டைத் திறக்கவேண்டும், சாயங்காலம் பூட்டவேண்டும், நடுவில் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நான்கு ஆளுக்கு ஓடிய உன்னை நாலடி நிழலில் கட்டிப்போட்டார்கள். ஒருமுறை நான் வந்திருந்தபோது, பிள்ளைகள் உதைத்த பந்து சுவரைத் தாண்டி உன் காலடியில் விழுந்தது. நீ குனிந்து, கையால் எடுத்து எறிந்தாய். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது. "ரெண்டு ஆட்டத்துக்கும் ஆசப்பட்டான், கடவுள் கூலி குடுத்துட்டாரு" என்று ஊர் பேசியது. அதை மறுக்க வாயுள்ள ஒரே ஆள் நான். நான் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை இழுத்து இழுத்துக் கடைக்கு வருவாய். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தன ஆணிலே புடுங்குன?" ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அஞ்சு, ஆறு என்று எதையாவது சொல்லி டீ வாங்கப் போய்விடுவேன். டீக்கடையில் நின்றபடி இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். திரும்பி வந்ததும் கிளாஸை உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த டயரை உருட்டுவேன். உன் நாற்காலியிலிருந்தாவது நீ சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போனாய். நான் அந்தச் சேற்றிலிருந்து எழுந்திருக்கவேயில்லை.

உன் மனைவி பையை நீட்டியபோது சொன்னார்: "வலது கால் பூட்ஸ அவிய எவனுக்கோ குடுத்துட்டாவ, அண்ணாச்சி. இத மட்டும் தொடவிட மாட்டாவ. ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் சொன்னாவ, ஒங்ககிட்டக் குடுத்துரணுமாம்."

"எதுக்காம்?"

"நானும் கேட்டேன். அவன் பாத்தாத் தெரியும்னுட்டாவ."

பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தோலின் நடுவில் ஓர் ஓட்டை. முப்பது வருடமாக ஆணி ஓட்டைகளைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். இரண்டாவது தடவை பார்க்கத் தேவைப்படவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பூட்ஸைக் கழற்றிய அன்றே தெரிந்திருக்கும். ஊர் உன்னைப் பேராசைக்காரன் என்றபோதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து, கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, நான் சொல்வேன் என்று காத்திருந்தாயா? திட்டியிருக்கக்கூடாதா? ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இரண்டு பேருமே வெளியே வந்திருப்போமே.

இப்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கியபிறகும் டயருக்குள் இரண்டு தடவை கையை விட்டுத் தடவுகிறேன். "சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று வண்டிக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். நான் மூன்றாவது தடவையும் கையை விடுகிறேன்.

அன்று நீ கேட்டதற்கு நான் இன்னும் உண்மையான பதிலைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். சரியாக இல்லையடா. இருபத்தொன்றுதான் இருந்தது.