ஒன்பது குப்பிகள்

திருப்போரூர்,
8 ஜூன் 2025

என் செல்ல மகள் ஷாரோனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்க வேண்டும். உன் வீட்டில் போனை எடுத்தால் நாலு பேர் காதும் கூடவே வருகிறது என்றாயே, அதனால்தான் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

நாற்பத்தொரு வயதில் நான் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதைச் சொல்லி உன் மாமியார் சிரிக்கிறாராம். சிரிக்கட்டும். சதுரங்கப்பட்டினத்தில் பதினாலு வருஷம் ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரித்தேனே, அப்போது யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தார்களா?

ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனி வேலைக்கு இங்கே ஆறு மாதப் பயிற்சி. கை கழுவவே இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கி, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் வெளிப்பக்கம் தொடாமல் மாட்ட வேண்டும். பிறகு ஜெல்லி ஊற்றிய தட்டில் விரல் நுனியைப் பதிக்கச் சொல்வார்கள். கிருமி இருந்தால் சில நாளில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். இருபது பேரில் பதினோரு பேருக்கு முளைத்தது. என் தட்டில் ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கிற காயத்ரி மேடம், உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள், "இன்னா ஹெலன் அக்கா, இந்தச் சின்னப் பசங்களயெல்லாம் தோக்கடிச்சுட்டீங்க!" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை ரஞ்சித்குமாரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா


செங்கல்பட்டு,
15 ஜூன் 2025

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்தது. தட்டு விஷயத்தை உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஒரு செய்தி. அடுத்த மாதம் உன்னை நேரடிப் பயிற்சிக்கு அனுப்பும் கம்பெனியில் என் மூத்தார், அவருடைய அண்ணன் ஏசுதாஸ்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். "ஒங்கம்மாவ நான் பாத்துக்கறேன்" என்கிறார். இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். உன் வாய் எனக்குத் தெரியும் அம்மா. தயவுசெய்து அவரிடம் மட்டும் எதிர்த்துப் பேசாதே. இங்கே வாழ வேண்டியவள் நான்.

உன் மகள்,
ஷாரோன்


திருப்போரூர்,
20 ஜூலை 2025

ஷாரோன் கண்ணு,

உன் வீட்டில் இதற்குள் ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நடந்ததை என் கையால் எழுதுகிறேன்.

என்னைக் குப்பி பார்க்கும் வேலையில் விட்டார்கள். விளக்கடியில் கறுப்புப் பலகை ஒன்று, வெள்ளைப் பலகை ஒன்று. மருந்துக் குப்பியை மெல்லச் சுழற்றி இரண்டுக்கும் முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். தூசியோ முடியோ இருந்தால் எடுத்து வைத்து, எத்தனை எடுத்தோம் என்று தாளில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரே தட்டில் ஒன்பது குப்பிகளில் ஊசிமுனை போலக் கண்ணாடித் துணுக்கு. குப்பியை ஆட்டினால் மின்னுகிறது.

உன் மூத்தார் வந்தார். "ரெண்டுன்னு எழுதிட்டு மீதிய தட்டுலயே வை" என்றார். அதிகம் எழுதினால் மொத்தச் சரக்கையும் மறுபடி பார்க்க வேண்டுமாம். அன்றைக்கே லாரி ஏற்ற வேண்டுமாம்.

"ஒன்பது கீதுங்க" என்றேன்.

"நான் சொல்றத எழுது."

ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளைப் பிடுங்கினார். குப்பிகளையும் எடுத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும், "றால் உரிக்கறவள கொண்ணாந்து உக்கார வெச்சது என் தப்பு" என்று சொல்லி வெளியே அனுப்பினார்.

உனக்குக் கஷ்டம் வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதை மறைக்க மாட்டேன்.

அம்மா


செங்கல்பட்டு,
26 ஜூலை 2025

அம்மா,

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லை.

வளைகாப்புப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். "ஒங்கம்மா வந்து தப்பா எண்ணிட்டேன்னு சொல்லணும். இல்லன்னா அந்த வூட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்கிறார் மாமியார். உன் மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். உனக்குக் கண் சரியில்லை என்று ஏசுதாஸ் மாமா எல்லாரிடமும் சொல்கிறார். ஒரே ஒரு வார்த்தை அம்மா. எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லிவிடு. எனக்காக.

ஷாரோன்


திருப்போரூர்,
30 ஜூலை 2025

மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்காக எதையும் செய்வேன். இதைச் செய்ய மாட்டேன்.

என் கண்ணைச் சோதித்து எழுதிக்கொடுத்த பிறகுதான் அந்த விளக்கடியில் உட்காரவைத்தார்கள். எண்ணிக்கை தவறவில்லை. நடந்ததை இரண்டு பக்கம் எழுதி காயத்ரியிடம் கொடுத்துவிட்டேன். கம்பெனியின் தரப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பதில் இல்லை. இங்கே வகுப்பு தொடர்கிறது, ஒன்பதாம் தேதி சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. பயிற்சியிலிருந்து என் பெயரை அடித்தால் அடிக்கட்டும், மறுபடியும் இறால் உரிப்பேன். எழுதியதைத் திரும்ப வாங்க மாட்டேன்.

அந்தக் குப்பி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும், யார் கையில் ஏறும் என்று உன் மூத்தாருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் எழுதினேன்.

உன்னை அனுப்பாவிட்டால் நான் வருகிறேன். வாசலில் நிறுத்தினால் வாசலில் நிற்பேன். மன்னிப்பு மட்டும் கொண்டுவர மாட்டேன்.

அம்மா


செங்கல்பட்டு,
4 ஆகஸ்ட் 2025

அம்மா,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான். கிழித்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஏசுதாஸ் மாமா மறுபடி உன் கண்ணைப் பற்றி ஆரம்பித்தார். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, "மாமா, அந்தக் குப்பிங்கோ இப்ப எங்க கீது?" என்று கேட்டேன்.

"இன்னா குப்பி?"

"எங்கம்மா எடுத்து வெச்சது. எங்க கீது?"

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவப் போய்விட்டார். மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மாமா பொய்யாகவாவது ஒரு பதில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன் அம்மா. நம்பத் தயாராகத்தான் இருந்தேன்.

உள்ளே போய்த் துணி மடித்தேன். உன் மாப்பிள்ளை கதவருகே வந்து பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து பெரிய பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "சனிக்கிழம நானே கொண்டுபோயி வுடறேன்" என்றார்.

வளைகாப்பு இல்லை. யாரும் அனுப்பிவைக்கவும் இல்லை. நானாக வருகிறேன்.

சனிக்கிழமை உனக்குச் செய்முறைத் தேர்வு என்று எழுதியிருந்தாய். எனக்காக லீவு கேட்காதே. சதுரங்கப்பட்டினத்தில் நம் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவிடம் வீட்டுச் சாவி வாங்கிக்கொள்கிறேன். சமைத்து வைக்கிறேன். தேர்வை முடித்துவிட்டு வா.

உன் மகள்,
ஷாரோன்